இரண்டாம் பரிசோதகரின் படிவம்

மீனு,

போதுமான காலம் பேசாமல் இருந்துவிட்டேன். இருபது ஆண்டுகள். நான் வேலை பார்க்கும் பல் மருத்துவக் கல்லூரியில் என்னைக் கோபக்காரன் என்பார்கள், எதற்கெடுத்தாலும் முணுமுணுப்பவன் என்பார்கள். வாய் திறக்காதவன் என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது, என் கோப்பு ஓர் எழுத்தரின் மேசையில் ஏழு மாதம் தூங்கியது, என் விடுப்பு மறுக்கப்பட்டது என்று எல்லாவற்றைப் பற்றியும் உன் அம்மா எழுந்து போகும்வரை பேசியிருக்கிறேன். பேச வேண்டியிருந்த ஒன்றை மட்டும் பேசவில்லை. வியாழக்கிழமை மாலை நீ தில்லிக்கு விமானம் ஏறுகிறாய். வெள்ளிக்கிழமை காலை நிபுணர் குழுவின் முன் நின்று உன் ஆராய்ச்சித் திட்டத்தை விளக்கப்போகிறாய். இன்று திங்கள். நாளைக் காலை விரைவுத் தபாலில் போட்டால் புதன்கிழமை டாக்குரியாவில் உன் அறைக்கே வந்துவிடும். தொலைபேசியில் சொல்ல இரண்டு முறை எண்ணை அழுத்தினேன். நீ "சொல்லுங்கப்பா" என்றதும் மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். பெங்காலி உனக்கு வேகமாக வரும், ஆங்கிலம் அதைவிட வேகமாக. சின்ன வயதில் அம்மா உன்னை ஞாயிறுதோறும் லேக் கார்டன்ஸில் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனபோது நான் கேலி செய்தேன். இப்போது அது உதவுகிறது. உன் துறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. இந்தத் தாள்கள் உன் மேசையில் திறந்து கிடந்தாலும் யாருக்கும் விளங்காது. மெதுவாகப் படி. அவசரத்தில் படித்தால் என்னை மன்னித்துவிடுவாய், அல்லது வெறுத்துவிடுவாய். வெள்ளிக்கிழமை காலை இரண்டாலும் உனக்குப் பயன் இல்லை.

நேற்று மதியம் நீ சாப்பிட வந்தாய். நேர்காணலுக்கான தேர்வுப் பட்டியலில் உன் பெயர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. அம்மா நம் பெஹாலாவில் பாதிப் பேருக்குச் சொல்லி முடித்திருந்தாள். வாய் நலம் பற்றிய ஆராய்ச்சிக்கு அரசு நிதி, சணல் ஆலைத் தொழிலாளர்கள், மூன்றாண்டுத் திட்டம். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. மற்றதை நீ வேண்டுமென்றே மறைத்து வைத்திருந்தாய். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டாய்.

"கண்ணை மூடிக்கோங்கப்பா. ம், இப்பத் திறங்க."

திரையில் என் கையெழுத்து இருந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய பரிசோதனைப் படிவங்கள், ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யப்பட்டவை.

"உங்க சர்வேதான்ப்பா என்னோட அடிப்படை. அதே ஆலை லைன், அதே வீடுங்க, அதே ஆளுங்க. இருபது வருஷம் கழிச்சுத் திரும்பப் போய் அவங்க வாயைப் பாக்கப்போறேன். வேற யார் கையிலயும் இப்படி ஒண்ணு இல்ல. அதுவும் ரெண்டு பரிசோதகர் தனித்தனியாப் பாத்த சர்வே! கமிட்டிக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்காம். சுபிமல் ஜேட்டு சொன்னார்."

"இவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு பாரு," என்றாள் அம்மா. "அழுகை வந்துட்டுன்னு நெனைக்கேன்."

"தூர் மா, போம்மா! அப்பாவாவது, அழுறதாவது." பிறகு நீ இன்னொரு பக்கத்தைத் தள்ளிச் சிரித்தாய். "இதைப் பாருங்க. நம்பர் முத்திரை எல்லாம் கோணல். இது தலைகீழாவே இருக்கு. எந்த கிளார்க் குத்தினானோ, தண்ணியைப் போட்டுட்டு வந்திருப்பான் போல."

அம்மாவும் சிரித்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்து, "நல்லா இருக்கு" என்றேன். நீ எதிர்பார்த்தது அது இல்லை என்று உன் முகத்தில் தெரிந்தது.

நீ கிளம்பிப் போனதும், அம்மா மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போன நேரத்தில், சுபிமல்தாவை அழைத்தேன். நீ நடை பழகிய நாளிலிருந்து ஜேட்டு, பெரியப்பா என்று கூப்பிடுகிறவர். உன் விண்ணப்பத்தில் வழிகாட்டியாகப் பெயர் தந்திருப்பவர். என் சர்வேயின் இரண்டாம் பரிசோதகர் என்று அச்சில் இருப்பவரும் அவர்தான். நாங்கள் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

"அரே, மாத்ராஜி! பொண்ணை நெனைச்சுப் பெருமையா இருக்கா?" என்றார். முப்பது ஆண்டுகளாக அவருக்கு நான் மாத்ராஜிதான், மதராஸ்காரன்தான், நான் பிறந்ததே இந்த ஊர்த் துறைமுகக் குடியிருப்பில் என்று தெரிந்தும்.

"அந்தப் படிவத்தை எல்லாம் ஏன் அவகிட்டக் குடுத்தீங்க?"

"கேட்டா, குடுத்தேன். பின்ன, கரையான் தின்னட்டும்னு வச்சிருக்கணுமா?"

"ரெண்டாவது படிவத்தை எழுதினது யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் வீட்டுத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் குறைந்தது.

"இங்க பாரு பாய், நீ என் தம்பி மாதிரி. அந்தச் சர்வேயில என் பேர் இருக்கு. உன் பேர் இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உன் பொண்ணு பேரும் இருக்கும். அதுக்கப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேக்க முடியாது. நல்லதுதானே? இத்தனை வருஷம் பேசல. இன்னும் அஞ்சு நாள் பேசாம இரு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே மிஷ்டி வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வர்றேன்."

நல்ல மனநிலையில்தான் தொலைபேசியை வைத்தார். அதுதான் எனக்கு அச்சமாக இருந்தது. அந்தப் படிவங்களை அவர் உன்னிடம் கொடுத்தது மறதியில் அல்ல.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு முப்பத்திரண்டு வயதில் நானே தனியாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். வாய்ப் புற்றை அது புற்றாக மாறுவதற்கு முன்பே தொழிலாளர் குடியிருப்பில் போய்க் கண்டுபிடிப்பது பற்றி. நோக்கம், முறை, மாதிரி அளவு, நெறிமுறைக் குழுவின் அனுமதி, கல்லூரி முதல்வரின் ஒப்புதல், எல்லாம் சரியாக இருந்தது. தில்லிக்கு ரயிலில் போனேன். குழுவில் ஒரே ஒரு பல் மருத்துவர், மற்றவர்கள் எல்லாரும் பெரிய உறுப்புகளுக்கான மருத்துவர்கள். தலைவராக இருந்தவர் என் விண்ணப்பத்தைத் திறக்காமலே கேட்டார்: "பல்லுக்கு எதுக்கு டாக்டர் ஆராய்ச்சி? காலையில ஒழுங்காத் தேய்ச்சாப் போதாதா?" எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பல் மருத்துவர் உட்பட. பக்கத்தில் இருந்த இன்னொருவர், "வந்ததுதான் வந்தீங்க, என் கடைவாய்ப் பல் ரெண்டு நாளா வலிக்குது, பாத்துட்டுப் போங்க" என்று வாயைத் திறந்தார். நான் பார்த்தேன், மீனு. சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, குனிந்து, பார்த்தேன். சொத்தை என்று சொல்லி, மாத்திரையின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, இந்தப் பொருள் தற்போதைய முன்னுரிமைகளில் இல்லை என்று கடிதம் வந்தது. அந்தக் குனிதலை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்து நான் செய்த எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக வைத்துக்கொண்டேன். காரணம் கையில் இருக்கிறவனுக்கு எதையும் செய்துவிடலாம் என்று தோன்றும்.

மூன்று ஆண்டு கழித்து அதே விண்ணப்பத்தை சுபிமல்தாவிடம் காட்டினேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர், தில்லியில் எந்த அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தவர். "திட்டம் உன்னோடது, பேர் என்னோடது. நடக்குதா இல்லையா பாரு," என்றார். நடந்தது. ஒரு வரியைக்கூட மாற்றாமல் அதே விண்ணப்பம் தேறியது. அன்று வீட்டில் அம்மா பாயசம் வைத்தாள். நீ இரண்டாம் வகுப்பில் இருந்தாய்.

இரண்டு பரிசோதகர் எதற்கு என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ அதை வகுப்பில் பாடமாகப் படித்தாய். நான் அதை ஒரு மனிதனின் வாயில் படித்தேன். வாய்க்குள் தெரியும் ஒரு வெள்ளைப் படலம் ஆபத்தானதா இல்லையா என்பதைக் கண்தான் முதலில் சொல்கிறது. ஒருவனுடைய கண் களைத்துப்போகும், பழகிப்போகும், மதியச் சாப்பாட்டை நினைக்கும். அதனால்தான் பத்தில் ஒருவரை இன்னொருவரும் பார்க்க வேண்டும், முதலாமவரின் படிவத்தைப் பார்க்காமல். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகிறதோ அங்கே இருவரும் சேர்ந்து அந்த ஆளை மீண்டும் உட்காரவைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒத்துப்போகும் அளவு நன்றாக இருந்தால்தான் சர்வேயை நம்புவார்கள்.

பஜ்பஜ் பக்கத்துச் சணல் ஆலையின் லைன் எனப்படும் குடியிருப்பு வரிசைகளில், ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை மர பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்தேன். கண்ணாடி, டார்ச், ஒரு வாளித் தண்ணீர். பெரும்பாலும் பிகாரிலிருந்து வந்தவர்கள். கீழுதட்டுக்குள் கைனிப் புகையிலையும் சுண்ணாம்பும் அடக்கி அடக்கி அந்த இடம் தோல்போலத் தடித்திருக்கும். சுபிமல்தா செவ்வாய்தோறும் வர வேண்டும். முதல் செவ்வாய் வந்தார். பெஞ்சின் அருகே நின்று படம் எடுத்துக்கொண்டார், மேலாளர் வீட்டில் மீன் சாப்பிட்டார், போய்விட்டார். அடுத்த செவ்வாய் தில்லியில் கூட்டம். அதற்கடுத்த செவ்வாய் மைத்துனர் வீட்டு விசேஷம். பிறகு காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

ஆண்டு அறிக்கை அனுப்பும் நாள் நெருங்கியது. ஒப்பீட்டு அளவு இல்லாமல் அறிக்கை போகாது, அறிக்கை போகாமல் திட்டத்தின் இரண்டாம் ஆண்டு இல்லை. அவர் அறைக்குப் போய் நின்றேன். அவர் தேநீரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீயே எழுதிடு. உன் கண்ணு வேற, என் கண்ணு வேறயா? கடைசியில ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தர்றேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நேற்று நீ மடிக்கணினியை வைத்தாயே, அதே சாப்பாட்டு மேசையில் இரண்டாம் பரிசோதகரின் படிவங்களை எழுதினேன். முதல் படிவங்கள் நீல மையில் இருந்தன, அதனால் இவற்றுக்குக் கறுப்பு மை. எழுத்தைச் சற்று இடப்பக்கம் சாய்த்துக்கொண்டேன். நீ எதிரே உட்கார்ந்து நச்சரித்துக்கொண்டிருந்தாய். உன்னைச் சும்மா இருக்கவைக்க, எண் முத்திரையையும் மைப்பெட்டியையும் உன்னிடம் தள்ளினேன். ஒவ்வொரு படிவத்தையும் நான் எழுதித் தள்ள, நீ நாக்கைக் கடித்துக்கொண்டு குத்தினாய். ஒன்று தலைகீழாக விழுந்ததும் பயந்துபோய் என்னைப் பார்த்தாய். "பரவால்ல, யாரும் பாக்கமாட்டாங்க," என்றேன். நேற்று நீ சிரித்த அந்தக் குடிகாரக் கிளார்க் நீதான், மீனு.

இந்த வேலையில் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு படிவங்களும் முழுக்க ஒத்துப்போனால் சந்தேகம் வரும். எனவே அங்கங்கே வேறுபாட்டை நானே விதைக்க வேண்டும்: இங்கே ஒரு சொத்தைப் பல்லைக் கூட்டி, அங்கே ஓர் ஈறு வீக்கத்தைக் குறைத்து. படலங்களிலும் ஒன்றிரண்டு வேறுபாடு இருந்தால்தான் இயல்பாகத் தெரியும். ராம்தனி என்று ஒரு நெசவுப் பகுதித் தொழிலாளி. அவன் நாக்கின் அடியில், வெள்ளையும் சிவப்பும் கலந்து, வெல்வெட் துணிபோல ஒரு திட்டு. முதல் படிவத்தில் நான் "சந்தேகம்" என்று எழுதியிருந்தேன். என் கண் சரியாகத்தான் பார்த்திருந்தது. இரண்டாம் படிவத்தில் அவனுக்கு "இயல்பு" என்று எழுதினேன். எனக்கு ஒரு வேறுபாடு தேவைப்பட்டது, அவன் பெயர் அந்தப் பக்கத்தில் இருந்தது. வேறு எந்தக் காரணமும் இல்லை.

வேறுபட்டால் மீண்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டும் அல்லவா? அந்த முடிவையும் மேசையிலேயே செய்தேன். "சந்தேகம்" என்று வைத்தால் கல்லூரிக்கு வரவழைக்க வேண்டும், சதை எடுத்துச் சோதிக்க வேண்டும், சோதித்த தேதியை அறிக்கையில் காட்ட வேண்டும், அந்தத் தேதிக்கு முன்னால் சுபிமல்தா அவனைப் பார்த்த தேதி ஒன்று வேண்டும். "இயல்பு" என்று வைத்தால் ஒன்றும் வேண்டாம். அவனைத் தனியாக அடுத்த மாதம் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் உனக்கு டைபாய்டு. அதற்கடுத்த மாதம் என் பதவி உயர்வு நேர்காணல், அதில் கிடைத்த அவமானம், அந்த எரிச்சல். பங்கேற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பரிசோதனை அட்டை கொடுத்தோம். ராம்தனியின் அட்டையில் "இயல்பு" என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டு, ஆலை மருந்தகம் வழியாக அனுப்பினேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து அவன் எங்கள் கல்லூரிப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தான். நாக்கு அசையவில்லை, கழுத்தில் கட்டி கல்லாக இருந்தது. துண்டால் அவன் வாயைப் பொத்தியிருந்தான், மனைவி பக்கத்தில் நின்றாள். அவன் பேசியதை அவள்தான் எடுத்துச் சொன்னாள். "டாக்டர் பாபு, இவருக்கு உங்களை அடையாளம் தெரியுதாம். உங்ககிட்டத்தான் காட்டினாராம். ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்களாம். அதனாலதான் வலிச்சப்பவும் பயப்படாம இருந்தாராம்." அதில் குற்றச்சாட்டு இல்லை. அதே டாக்டர் கிடைத்துவிட்டார் என்ற நிம்மதி இருந்தது. நானே புற்றுநோய் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது அவன் இறந்துவிட்டதாக ஆலை மருந்தாளுநர் சொன்னார். அன்று மாலை நான் வீட்டுக்கு வந்து, சுபிமல்தாவுக்குத் துறைத் தலைவர் பதவி கிடைத்ததைப் பற்றி அம்மாவிடம் இரண்டு மணி நேரம் கத்தினேன். இப்போது உனக்குப் புரியும், இத்தனை ஆண்டுகள் இந்த வீட்டில் எதன்மேல் எதைப் போட்டு மூடினேன் என்று.

இனி உனக்கு நடக்கப்போவதைச் சொல்கிறேன். எனக்கு அது நேற்றிலிருந்து கண்ணுக்கு நேரே தெரிகிறது. வெள்ளிக்கிழமை உனக்குக் கைதட்டுவார்கள். அதன் பிறகு ஓர் உறுதிமொழித் தாள் வரும். விண்ணப்பத்தில் தந்த முந்தைய தரவுகள் உண்மையானவை, என் பொறுப்பில் சரிபார்க்கப்பட்டவை என்று. அதில் நீ கையெழுத்துப் போடுவாய். மழை விட்டதும் பஜ்பஜுக்குப் போவாய். நீ என்னைப் போலச் சோம்பேறி அல்ல, ஒவ்வொரு எண்ணாகத் தேடுவாய். ராம்தனியின் கதவையும் தட்டுவாய். அவன் மகன் இப்போதும் அந்த லைனில்தான் இருக்கிறான், அதே ஆலையில் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் பல் பிடுங்க வந்தபோது அவனே சொன்னான். அப்பாவின் காகிதங்களோடு அந்த அட்டையை வைத்திருக்கிறான். எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன்னிடம் அதை நீட்டுவான். கீழே இருக்கும் கையெழுத்தை நீ உன் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைகளில் ஆண்டுதோறும் பார்த்தவள். அந்த நேரத்தில் உன் உறுதிமொழி தில்லியில் இருக்கும். அன்று நீ சுபிமல்தாவிடம் போவாய், வேறு யாரிடம் போவாய்? அவர் தேநீரிலிருந்து தலையைத் தூக்காமல் உனக்கு ஒரு யோசனை சொல்வார். அந்த யோசனையை நீ ஏற்கும் நாளில் அவருக்கு இன்னொரு இருபது ஆண்டு கிடைத்துவிடும்.

நீ செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய சர்வேயைப் பற்றிய ஸ்லைடு படங்களை முழுவதுமாக நீக்கிவிடு. இந்த ஆண்டிலிருந்து புதிதாகத் தொடங்குவதாகச் சொல். ஏன் என்று கேட்பார்கள். இரண்டாம் பரிசோதனை நடந்ததற்கு என்னால் உறுதி கூற முடியவில்லை என்று சொல். அது உண்மை, அதற்கு மேல் சொல்வது உன் விருப்பம். திட்டம் பாதியாகச் சுருங்கும். அநேகமாகத் தள்ளிவிடுவார்கள். சுபிமல்தா உன் முதுகுக்குப் பின்னால் என்ன பேசுவார் என்று எனக்கு வரிவரியாகத் தெரியும். என்னைப் பற்றிப் பேசியதுதான், பெயரை மட்டும் மாற்றுவார். அடுத்த ஐந்தாறு ஆண்டு உன் விண்ணப்பங்கள் எந்த மேசையில் தூங்கும் என்றும் தெரியும். இதை நான் இனிப்பாகச் சொல்ல முடியாது. எப்போதாவது உனக்கு நிதி கிடைத்தால், உன் இரண்டாம் பரிசோதகரை நீயே தேர்ந்தெடு. உன்னைப் பிடிக்காத ஒருவரைத் தேர்ந்தெடு. சந்தேகம் என்று ஒருமுறை எழுதியதை எந்த வசதிக்காகவும் மாற்றாதே. அந்த ஆளை அன்றே கையோடு கூட்டிக்கொண்டு போ, விடுப்பு இல்லை என்றாலும், வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும்.

இதைப் படிக்கும்போது உனக்கு ஒன்று தோன்றும். அப்பாவுக்குப் பொறாமை. தனக்குக் கிடைக்காதது மகளுக்குக் கிடைக்கப்போகிறது, அதுவும் சுபிமல்தா கையால்; அதைக் கெடுக்கப் பார்க்கிறார். நேற்று அந்த "நல்லா இருக்கு" என்ற சொல்லைக் கேட்டபோதே உனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். நான் என்னையே கேட்டுப் பார்த்தேன். பொறாமை இருக்கிறது. அவரை வெள்ளிக்கிழமை மாலை இனிப்புப் பெட்டியோடு என் வீட்டு வாசலில் பார்க்கக் கூடாது என்ற ஆசை இருக்கிறது. அவர் விழுவதைப் பார்க்க இருபது ஆண்டாகக் காத்திருக்கிறேன், அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அவரை விழவைக்க மட்டும் நினைத்திருந்தால் இந்தத் தாள்களை வேறு முகவரிக்கு ஆங்கிலத்தில் எழுதியிருப்பேன். ராம்தனியின் நாக்கின் அடியில் நான் பார்த்தது பார்த்ததுதான். அதை என் கோபத்தோடு சேர்த்துத் தள்ளிவிடாதே.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. இப்போது அடுக்களையில் உன் பயணத்துக்கு முறுக்கு பிழிந்துகொண்டிருக்கிறாள். "ஒரே மூச்சா என்ன எழுதுதீங்க? பென்ஷன் பேப்பரா?" என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

கடைசிப் பக்கத்தின் அடியில் பெயர், பதவி, தேதி எழுத இடம் விட்டிருந்தேன். கையெழுத்திட்டால் இது ஒரு சான்று. நீ இதைக் குழுவிடம் கொடுக்கலாம், கல்லூரி விசாரணைக்குக் கூப்பிடும், என் வேலை போகும், ராம்தனியின் மகன் ஒருவேளை நீதிமன்றம் போவான். கையெழுத்து இல்லாவிட்டால் யாரோ எழுதிய ஏழெட்டுத் தாள். உன்னைச் சிக்கலில் மாட்டிவிடாமல் இருக்கத்தான் கையெழுத்திடவில்லை என்று முதலில் ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன், மேலே அடித்தல் தெரியும். பயத்தால்தான் போடவில்லை. நீ என் பெயரைச் சொல்லாமலே அந்த ஸ்லைடு படங்களை நீக்கிவிட முடியும் என்பதும் உண்மை, ஆனால் அது பிறகு தோன்றியது. கையெழுத்து வேண்டும் என்று நீ புதன்கிழமை மாலை பெஹாலாவுக்கு வந்து என் முன்னால் நின்றால் போடுவேன் என்று வாக்குக் கொடுக்க ஆசையாக இருக்கிறது. கொடுக்க மாட்டேன், என் வாக்கு எப்படிப்பட்டது என்று இப்போது உனக்குத் தெரியும். வந்து கேட்டுப் பார். உறையில் உன் முகவரி மட்டும் இருக்கிறது. நாளைக் காலை கவுண்டர் திறந்ததும், பெயர் இல்லாமல், இப்படியே போட்டுவிடுகிறேன்.